மூன்று சர்வர்களும் ஒரு ராகு காலமும்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள்.

"மேடம், இப்பல்லாம் வெப்சைட்ட எந்த ஊர் சர்வர்ல வெச்சாலும் ஒரே எடத்துல ஒரு டிக் அடிச்சா போதும். எவன் உள்ள வரப் பாத்தாலும் அதுவே சொல்லிடுது. நீங்கல்லாம் அப்ப எப்படிப் பாத்தீங்க?"

"கண்ணால பாத்தோம்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் நிஜத்தைத்தான் சொன்னேன். கண்ணால் பார்த்தோம், சிவப்புப் பென்சிலால் கோடு போட்டோம். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டதும் உண்டு. அதையெல்லாம் போனில் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நான் சின்ன காஞ்சிபுரத்தில் பஞ்சாங்கம் பார்க்காமல் பால்கூடக் காய்ச்சாத வீட்டில் பிறந்தவள். கணக்கில் பட்டம், ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பு, அப்புறம் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோக்கிற வேலை. அங்கே தன் மகள் பத்திரிகைக்காக வந்த கிருபாகரன் சார், அவர் எழுதிக் கொடுத்த உறவினர் பட்டியலில் ஒரே பெரியப்பா இரண்டு தடவை வந்திருப்பதை நான் காட்டியதும், "இந்தக் கண்ணு எங்கிட்ட இருக்கணும்மா" என்று கூட்டிக்கொண்டு போனார். என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான்.

சார் டெலிபோன் இலாகாவில் பல வருஷம் இருந்து விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர். காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் இரண்டு அறை எடுத்து, ஊர்க்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் கம்பெனி நடத்தினார். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒரு பட்டு நெசவாளர் சங்கம். புதிய பார்டர், முந்தானை டிசைன்களைப் படம் எடுத்து வெப்சைட்டில் போடுவோம். கடைக்காரர்களும் ஏஜெண்டுகளும் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்து, பார்த்து, பிடித்ததை முதலில் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த வெப்சைட் மூன்று இடத்தில் இருந்தது. ஆர்டர் எடுக்கும் பக்கம் சென்னையில் வாடகைக்கு எடுத்த சர்வரில். படங்கள் அமெரிக்காவில், அங்கேதான் இடம் மலிவு. படங்களை ஏற்றுகிற பக்கம் எங்கள் அலுவலகத்திலேயே, என் மேசைக்கு அடியில் காலை இடித்துக்கொண்டிருந்த ஒரு பெட்டியில். வீடு ஒன்று, வாசல் மூன்று. மூன்று வாசலிலும் யார் வந்தார், எந்த முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, எதைக் கேட்டார் என்று சர்வர் தானாகவே வரிவரியாக எழுதி வைக்கும். அதற்கு லாக் என்று பெயர். அந்த லாக்கைப் படித்து, வேண்டாதவன் எவனாவது வருகிறானா என்று பார்ப்பதுதான் என் வேலை.

தினமும் காலையில் லாக்கைக் காகிதத்தில் அச்செடுத்து சார் மேசையில் வைக்க வேண்டும். அவர் கண்ணாடியைத் துடைப்பார், வரிக்குக் கீழே ஸ்கேலை வைப்பார், ஒரு வரி படிப்பார், ஸ்கேலை நகர்த்துவார். சந்தேகம் வந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி வைத்த ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் மூன்று கேள்வி: "யாரு? எங்கேர்ந்து? எதுக்கு?" மூன்றுக்கும் பதில் வராமல் ஸ்கேல் நகராது. ஒருநாள் அவசரத்தில் "இவன் ஹேக்கர் சார்" என்று சொல்லிவிட்டேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"பேர் வெக்காதம்மா. பேர் வெச்சிட்டா அப்புறம் பேரத்தான் பாப்பே. ஆளப் பாக்க மாட்டே."

அந்த மனுஷனின் பொறுமையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். எனக்குப் பொறுமை கிடையாது, ஆர்வம்தான் உண்டு. மூன்று லாக்கையும் தனித்தனியாகப் படிப்பது மூன்று ஜன்னல் வழியாக ஒரே ஆளைத் துண்டுதுண்டாகப் பார்ப்பது போல இருந்தது. மூன்றையும் நேரப்படி அடுக்கி ஒரே தாளில் வரவழைத்தால் என்ன? அதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். தொல்லை என்னவென்றால் மூன்று சர்வருக்கும் மூன்று கடிகாரம். எங்கள் பெட்டி நம் நேரத்தில் எழுதும். சென்னை சர்வர் கிரீன்விச் நேரத்தில் எழுதும், அதோடு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அமெரிக்க சர்வர் அந்த ஊர் நேரத்தில் எழுதும், அதோடு பன்னிரண்டரை மணி கூட்ட வேண்டும். கூட்டினேன், தாள் ஒன்றாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

முதல் வேடிக்கை அப்போது வந்தது. ஒரே முகவரியிலிருந்து நிறையப் பேர் ஒரே நிமிஷத்தில் முட்டினால் அது தாக்குதல் என்று எண்ணி அலாரம் அடித்துக் கதவைச் சாத்தும்படி வைத்திருந்தேன். அது தினமும் அடித்தது. தினமும் வேறு வேறு நேரத்தில். கதவு சாத்தினால் ஐந்தாவது நிமிஷம் சங்கத்துச் செயலாளர் முனிரத்தினத்தின் போன் வரும்.

"இன்னா சார் உங்க வெப்சைட்டு? எங்க ஏஜெண்டு எல்லாம் பிரவுசிங் சென்டர்ல குந்திக்கினு கத்தறான். தொறந்து வுடுங்க!"

பிரவுசிங் சென்டரில் பத்துப் பேர் உட்கார்ந்தாலும் வெளியே தெரிவது ஒரே முகவரிதான். அது புரிந்தது. ஆனால் ஏன் எல்லாரும் ஒரே நிமிஷத்தில்? தாளை விரித்து நேரத்தை மட்டும் எழுதிப் பார்த்தேன். திங்கள் ஒன்பது மணி. செவ்வாய் நாலரை. புதன் ஒன்றரை. வெள்ளி பன்னிரண்டு. வெள்ளியை எழுதும்போதே எனக்குப் பொறி தட்டிவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். ராகு காலம் முடிகிற நேரமய்யா அது! புது டிசைனுக்கு ஆர்டர் போடுகிறவன் ராகு காலத்தில் போடுவானா? எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து, முடிந்த நிமிஷம் ஒன்றாகப் பாய்ந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரிய இரண்டு வாரம் ஆனதே என்று வெட்கமாகவும் இருந்தது.

"இன்னாம்மா இது, ராகு காலத்துக்கு ஒரு புரோகிராமா?" என்று சார் மூன்று தரம் கேட்டுவிட்டு, முதல் தடவையாக ஸ்கேல் இல்லாமல் ஒரு பக்கத்தைப் படித்தார்.

நான் அதோடு நின்றிருக்கலாம். ராகு காலம் முடிந்த அரை மணிக்குள் கூட்டம் வந்தால் விட்டுவிடு என்று ஒரு விதி எழுதினேன். அது சரி. புத்திசாலித்தனம் தலைக்கேறி இன்னொன்றும் எழுதினேன்: நம்மவர் யாரும் வராத ராகு காலத்தில் வெளி சர்வர் இரண்டிலும் எவன் வந்தாலும் அலாரம் அடி, அவன் வெளியாள். சங்கத்தில் போய் இதை விளக்கியபோது முனிரத்தினமே கைதட்டினார். அலுவலகத்தில் எனக்கு 'ராகு மேடம்' என்று பெயர் வந்தது. பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

நவம்பர் பிறந்ததும் இந்த இரண்டாவது அலாரம் ஓயாமல் அடித்தது. படங்கள் இருக்கும் அமெரிக்க சர்வரில் ராகு காலத்தில் ஒரே கூட்டம். தை முகூர்த்தத்துக்குக் கொள்முதல் சூடுபிடித்துவிட்டது, இனி ராகுவாவது கேதுவாவது என்று ஆலாய்ப் பறக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அலாரத்தை அணைத்து வைத்தேன். தாளில் குறி விழட்டும், சத்தம் வேண்டாம் என்று. நித்யா, இதை மட்டும் கவனமாகப் படி. அலாரம் அதிகமாக அடித்தால் அணைக்காதே, ஏன் என்று கேள்.

அந்த மாதக் கடைசியில் இடி விழுந்தது. சங்கம் இன்னும் கடைக்கே அனுப்பாத மூன்று தை டிசைன்கள், வெளியூர் விசைத்தறியில் அச்சு அசலாக நெய்யப்பட்டுச் சந்தைக்கு வந்துவிட்டன. முழு அளவுப் படம் இல்லாமல் அப்படி நெய்ய முடியாது. முழு அளவுப் படம் அமெரிக்க சர்வரில்தான் இருந்தது, அதை எடுக்க அலுவலக ஆட்களுக்கு மட்டும்தான் உரிமை. லாக்கைப் பார்த்தேன். மூன்று வெள்ளிக்கிழமை, மூன்று டிசைன், ஒரே பயனர் பெயர் எடுத்திருந்தது. எஸ்தர்.

எஸ்தர் எங்கள் அலுவலகத்தில்தான் இருந்தாள். ஐயம்பேட்டைப் பெண், இருபத்திரண்டு வயது. அப்பா கட்டட வேலை. அந்த வீட்டிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போன முதல் ஆள் அவள்தான். டிசைன்களைப் படம் எடுப்பதும் ஏற்றுவதும் அவள் வேலை. புடவையை அவள் மடித்து வைக்கிற விதத்தில் பார்டர் தானாகக் கேமராவைப் பார்க்கும். என்னை அக்கா என்பாள்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் பதினோரு மணிக்குக் கேமராவை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்திலிருந்த சங்கத்துக்குக் கிளம்புவாள். போய்ச் சேரப் பதினொன்றே முக்கால் ஆகும். என் தாளில் படங்கள் எடுக்கப்பட்ட நேரம் மூன்று தடவையும் பதினொன்றே கால் சுமாருக்கு. வழியில் இரண்டு பிரவுசிங் சென்டர் உண்டு.

வியாழக்கிழமை முனிரத்தினம் நேரில் வந்தார். தாளில் நேரத்தைப் பார்த்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கெழம பதினொண்ணே கால். பத்தரை பன்னண்டு ராகு காலம். நம்மாளு எவனாவது அந்த நேரத்துல கை வெப்பானா? நீங்கதானேம்மா சொன்னீங்க? அதப் பாக்காதவங்க இங்க யாரு இருக்குறா? அது ஒண்ணுதானே சர்ச்சுக்குப் போவுது?"

சார் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். அது என் விதி. நான் விளக்கி, நான் கைதட்டு வாங்கிய விதி. அது அந்தப் பெண்ணின் கழுத்தில் போய் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நான் எடுக்கல சார்" என்றாள் எஸ்தர். அழவில்லை. "நடந்து போவேன், நேரா சங்கத்துக்குத்தான் போவேன். அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

திங்கட்கிழமை போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு முனிரத்தினம் எழுந்து போனார். சார், எவனிடமும் மூன்று கேள்வி கேட்காமல் விடாத அந்த மனுஷன், அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நீ ரெண்டு நாளு வூட்ல இரும்மா" என்று மட்டும் சொன்னார். அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். வேலை போவது ஒன்று. போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுக்கப்பட்ட பெண் என்று பெயர் வந்தால் அந்தப் பெண்ணை அப்புறம் எந்த அலுவலகம் சேர்த்துக்கொள்ளும்?

வெள்ளிக்கிழமை காலை தாளை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். எஸ்தர் பெயர் இருந்த வரிகளை விட்டுவிட்டு மற்ற வரிகளைப் படித்தேன். குறி விழுந்த வரிகள் ஏராளம். எல்லா ஏஜெண்டும் பதினோரு மணிக்குப் படம் பார்த்திருக்கிறான். வாலாஜாபாத்தில் ஒரு கடைக்காரர் இருந்தார், ராகு காலத்தில் போனைக்கூட எடுக்க மாட்டார். அவரும் பதினொன்று ஐந்துக்குப் படம் பார்த்திருக்கிறார். சரி, ஆர்டர் பக்கத்தில் எத்தனை மணிக்கு நுழைந்தார்? பன்னிரண்டு நான்கு. ஆர்டர் பக்கத்தில் நுழையாமல் படத்தைப் பார்க்கவே முடியாதே! வாசலுக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கூடத்தில் எப்படி உட்கார்ந்திருந்தார்? அவர் மட்டுமல்ல, எல்லாரும்.

ஊரே ஒரே நாளில் ராகு காலத்தைக் கைவிட்டதா, இல்லை என் கணக்கு தப்பா?

சார் மேசைக்கு ஓடினேன். "சார், அமெரிக்காவுல கடிகாரத்த மாத்துவாங்களா?"

"குளிர் காலத்துக்கு ஒரு மணி பின்னாடி தள்ளி வெப்பாங்கம்மா. அக்டோபர் கடைசி ஞாயித்துக்கெழம. டிரங்க் கால் போடறப்ப நாங்க குறிச்சி வெச்சிப்போம். ஏன்?" என்றவர், கேட்டு முடிப்பதற்குள் முகம் வெளிறிப்போய் எழுந்துவிட்டார்.

பன்னிரண்டரை கூட்டிய இடத்தில் நவம்பரிலிருந்து பதின்மூன்றரை கூட்டியிருக்க வேண்டும். கூட்டினேன். ஊர் மறுபடி ஒழுங்காகப் பன்னிரண்டு மணிக்கு வந்தது. எஸ்தர் பெயரில் வந்தவன் பன்னிரண்டே காலுக்கு வந்தான். கடிகாரம் சரியானதும் இன்னொன்றும் தெரிந்தது. ஒரே நாளில் ஒரே வாசலில் ஐந்து தடவை பாஸ்வேர்டு தப்பினால்தான் அலாரம் அடிக்கும். ஒரு முகவரி நவம்பர் முதல் வாரத்தில் எஸ்தர் பெயரைப் போட்டு எங்கள் பெட்டியில் நான்கு தடவை தப்பியிருக்கிறது. உடனே சென்னையில் நான்கு தடவை. உடனே அமெரிக்காவில் நான்கு தடவை. தினமும் பன்னிரண்டு, ஒரு வாசலிலும் சத்தமில்லாமல். ஆறாவது நாள் கதவு திறந்துவிட்டது. அமெரிக்க வரிகள் முன்பு ஒரு மணி நேரம் தள்ளிக் கிடந்ததால் இதுவெல்லாம் ஒரே ஆளின் வேலை என்றே தெரியவில்லை.

ஆறே நாளில் எப்படித் திறந்தது? அதற்குக் காரணமும் நான்தான். எந்தத் தாளிலும் முதலில் ஸ்ரீ போட்டு எழுதிப் பழகிய கை. எல்லாருக்கும் பாஸ்வேர்டு வைத்தபோது ஸ்ரீ போட்டுப் பெயரை எழுதினேன், கடைசியில் ஒரு எண். ஏஜெண்டுகளுக்கும் அப்படித்தான், எஸ்தருக்கும் அப்படித்தான். தன் பாஸ்வேர்டைப் பார்த்த எந்த ஏஜெண்டும் அடுத்தவனுடையதை ஊகிக்கலாம். வந்தவன் தொழில் தெரிந்த ஆள். கூட்டம் பாய்கிற நேரத்தில் நான் கதவைத் தளர்த்தி வைத்திருப்பது அவனுக்குத் தெரியும். திருடனும் ராகு காலம் முடியட்டும் என்றுதான் காத்திருந்தான்!

சனிக்கிழமை பத்தரைக்கு மேல் சாரும் நானும் சங்கத்துக்குப் போனோம். என் தப்பு எல்லாவற்றையும், கடிகாரத்தையும் பாஸ்வேர்டையும் அணைத்த அலாரத்தையும், வரிசையாகச் சொன்னேன். முனிரத்தினம் மசியவில்லை.

"மணி மாறிடிச்சி, சரி. பன்னண்டே காலுக்கு அந்தப் பொண்ணு எடுக்கலன்னு இன்னா சாட்சி?"

சார் மெதுவாகக் கேட்டார். "வெள்ளிக்கெழம புதுப் புடவ மூட்டைய எத்தினி மணிக்குப்பா பிரிப்பீங்க?"

"பன்னண்டு அடிச்சதும். ராகு காலம் முடிஞ்சாத்தான பிரிப்போம்."

"யாரு முன்னாடி?"

"எம் முன்னாடிதான். நான் ஒண்ணொண்ணா எடுத்துக் குடுப்பேன், அது போட்டோ..."

அவர் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மூன்று வெள்ளிக்கிழமையும் பன்னிரண்டே காலுக்கு எஸ்தர் அவருக்கு எதிரேதான் நின்றிருக்கிறாள், கையில் கேமராவோடு. சங்கத்தில் அப்போது கம்ப்யூட்டரே கிடையாது.

"எங்கண்ணு முன்னாடிதான் நின்னுக்கினு இருந்துது" என்றார் கடைசியில். புகார் எழுதிய காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் சாரிடம் கொடுத்தார். கிழிக்கச் சொல்லவில்லை, ஆனால் சார் கிழித்தார். வந்தவன் யாரென்று நாங்கள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கே எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போனேன். சர்ச்சுக்குக் கட்டிய புடவையைக்கூட எஸ்தர் மாற்றியிருக்கவில்லை. அவள் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள், வெளியே வரவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியிடம் பேசுவது சுலபம், இது சுலபமாக இல்லை.

அவள் முழுதும் கேட்டாள். பிறகு, "கடிகாரம் தப்பா இல்லாம நெஜமாவே அவன் பதினொண்ணே காலுக்கு வந்திருந்தா, நான் திருடிதானே மேடம்?" என்றாள்.

அக்கா போய் மேடம் வந்திருந்தது.

"உங்க ஆபீசுல சேந்த நாள்லேர்ந்து ராகு காலத்துல நான் ஒரு படங்கூட ஏத்துனதில்ல. உங்களுக்கெல்லாம் புடிக்காதுன்னு சும்மா குந்திக்கினு இருப்பேன். எல்லாம் லாக்ல இருக்குமே. அதப் பாத்திருக்கலாமில்ல?"

நாளைக்கு வருவாயா என்று கேட்டேன். "ஒம்போது மணிக்கு மேல வரேன்" என்றாள். திங்கட்கிழமை ஏழரை ஒன்பது ராகு காலம்.

அங்கிருந்து நேராக அலுவலகம் போனேன். எங்கள் பெட்டியில் எஸ்தர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இருந்த லாக் முழுவதையும் திறந்து, ராகு காலத்தில் உள்ளே வந்த அலுவலக ஆட்களை மட்டும் எடுக்கச் சொன்னேன். இரண்டு வருஷம். எஸ்தர் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. வந்தது ஒரே ஒரு பெயர், பக்கம் பக்கமாக, திங்களும் வெள்ளியும் சனியும். ஆர்வம் தாங்காமல் லாக் பார்க்க நுழைந்த என் பெயர்.